பட்டறை பதில்கள்: ஸ்பேனரா, ஸ்கேனரா?

சென்ற இதழில் டாஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகளைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. டிராக்டர், லாரி வைத்திருக்கும் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் மேல் ஏதோ ஒரு கோபம் இருக்கிறது. சிலருடைய கோபம் நியாயமானது. சிலரோ பூத்துப்போன பேட்டரி முனைக்காகக் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். இந்த இதழ் முழுக்க அதே பேச்சுதான்: பழைய மெக்கானிக்கல் வண்டியா, கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியா? ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, உழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் ஒரு டிராக்டர் வாங்கப்போகிறேன். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய வண்டி ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது. புதிதாக வாங்கினால் கம்ப்யூட்டர் டீசல் அளந்து விடும் காமன் ரெயில் எஞ்சின், ஸ்கிரீன், சென்சார் எல்லாம் வரும். எளிமையானதே நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்கள் யோசனை என்ன?

பதில்: முதலில் ஒரு பேச்சைத் திருத்திவிடுகிறேன். மெக்கானிக்கல் பம்ப் எளிமையானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். பழைய வண்டிகளின் வரிசைப் பம்பின் உள்ளே ஒரு கேம்ஷாஃப்ட், டீசலை அழுத்தித் தள்ளச் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், பிளஞ்சர்களைச் சற்றே திருப்பும் ரேக் என்ற பல் சட்டம், ஒரு முனையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். கவர்னருக்குள் சுழலும் எடைக்குண்டுகள். எஞ்சின் வேகம் கூடினால் அவை விரிந்து ரேக்கைப் பின்னுக்கு இழுக்கும், டீசல் குறையும். கலப்பை இறுகிய மண்ணில் மாட்டி வேகம் விழுந்தால் அவை சுருங்கும், ஸ்பிரிங் ரேக்கை முன்னுக்குத் தள்ளும், டீசல் கூடும். ஓட்டுபவர் கை வைக்காமலே எஞ்சின் தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. மின்சாரம் இல்லாத கம்ப்யூட்டர் என்றே இதைச் சொல்லலாம். போஷ் நிறுவனம் 1927-இல் இத்தகைய பம்புகளைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. எந்த விவசாயியும் அதை வரப்பில் உட்கார்ந்து சரிசெய்ததில்லை. பம்ப் ரூமுக்குப் போயிற்று, டீசல் அளவைச் சரிபார்க்கும் கலிபரேஷன் பெஞ்சில் ஏறிற்று, சீல் வைத்துத் திரும்பி வந்தது. அதுவும் மூடிய பெட்டிதான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? கெடும் விதத்தில். மெக்கானிக்கல் பம்ப் தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும், பிறகு புகை கறுக்கும், பிறகு மேட்டில் இழுக்காது. மாதக்கணக்கில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே கெடும். அந்த நாள்களில் உழவு நிற்காது. காமன் ரெயில் எஞ்சினிலோ, கிராங்க் ஷாஃப்டின் நிலையைச் சொல்லும் சென்சார் போய்விட்டால், எந்த நொடியில் எந்த சிலிண்டருக்கு டீசல் விடுவது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சில எஞ்சின்கள் கேம்ஷாஃப்ட் சென்சாரை வைத்து ஒப்பேற்றி ஓடும். மற்றவை அங்கேயே நின்றுவிடும். நேற்றுவரை குறை சொல்ல முடியாத எஞ்சின் இன்று சத்தம் போடாமல் படுத்துவிடுவதைத்தான் மனிதர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எனக்கும் அது பிடிக்காது.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பழைய நாசில் 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறந்து டீசலைத் தெளித்தது. காமன் ரெயிலில் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் எப்போதும் உயர் அழுத்தத்தில் தயாராக நிற்கிறது; உச்சத்தில் அது 1,600 முதல் 2,500 பார் வரை போகும். டீசல் மிக நுண்ணிய தூவலாகப் போகிறது. முதலில் ஒரு சிறு துளி, அடுத்து பிரதானப் பீய்ச்சல், தேவையானால் கடைசியில் இன்னொன்று என்று ஒரே எரிப்புக்குள் பிரித்துக் கொடுக்க முடிகிறது. அதனால்தான் புது எஞ்சின் அந்த ‘கடகட’ ஓசையை விட்டுவிட்டது. இன்னொன்றை யாரும் பாராட்டிச் சொல்வதில்லை: ரேடியேட்டர் குழாய் வெடித்தாலும் ஆயில் அழுத்தம் விழுந்தாலும் புது எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய எஞ்சினில் டிரைவர் மீட்டரைப் பார்க்காவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் வரை அது உழைக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பருவத்துக்குப் பருவம் உழவு, இடையில் கொஞ்சம் டிரெய்லர் என்றால் அந்தப் பழைய வண்டியே போதும், ஒரு நிபந்தனையோடு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள்; விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பீய்ச்சிக்கொண்டு வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்திருக்கின்றன. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள்; தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கலப்பை தரையைத் தொட்டிருந்தால் லிஃப்டில் செலவு இருக்கிறது. பம்பின் சீல் அறுந்திருந்தால் யாரோ டீசலைக் கூட்டிவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த எஞ்சினை நம்பாதீர்கள்.

நாள் முழுக்க, வருடம் முழுக்க ஓட்டுபவர் என்றால் என் பதில் வேறு. டீசல் மிச்சம் ஒன்றுக்காகவே புதிய வண்டிக்குப் போகச் சொல்வேன். ஆனால் பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் ஒன்று கேளுங்கள்: பழுதுக் குறியீட்டை இந்த ஸ்கிரீனிலேயே நான் படிக்க முடியுமா, அல்லது உங்கள் ஆள் லேப்டாப்போடு வந்தால்தான் தெரியுமா? அவர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

கேள்வி: என் லாரியில் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி இழுப்பதை நிறுத்திவிட்டது. சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். ஒரு சென்சாரை மாற்றினார்கள், விளக்கு அணையவில்லை. இன்னொரு சென்சாரை மாற்றினார்கள், அப்போதும் இல்லை. இப்போது கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஸ்கேனர்தான் அப்படிச் சொல்கிறதாம். நம்பலாமா?

பதில்: ஸ்கேனர் என்பது வண்டிக் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி. அது அப்படிச் சொல்லாது. எந்த ஸ்கேனரும் ‘இந்தப் பொருளை மாற்று’ என்று சொன்னதில்லை. அது சொல்வது எண்களை. அவற்றைப் படிக்காமல் பொருளை மாற்றுகிறவர் உங்கள் பணத்தில் சோதனை நடத்துகிறார்.

கனரக வாகனங்களில் பெரும்பாலும் ஜே 1939 என்ற பொது முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு பழுதுக்கும் இரண்டு எண்கள். முதலாவது எஸ்.பி.என்.: எதைப் பற்றிய புகார் என்பது. இரண்டாவது எஃப்.எம்.ஐ.: எந்த விதமான புகார் என்பது. எல்லோரும் முதல் எண்ணைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறார்கள். விஷயம் இரண்டாவதில் இருக்கிறது.

எஸ்.பி.என். 100 என்றால் எஞ்சின் ஆயில் அழுத்தம். அதோடு எஃப்.எம்.ஐ. 1 வந்தால், சென்சார் ஒழுங்காகத்தான் இருக்கிறது, அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு விழுந்துவிட்டது என்று பொருள். அந்த நிமிடமே எஞ்சினை அணைக்க வேண்டும். அதே 100-உடன் எஃப்.எம்.ஐ. 3 அல்லது 4 வந்தால் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்க முடியாத அளவில் இருக்கிறது என்று பொருள். ஆயிலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை, வயரைப் பற்றியோ சென்சாரைப் பற்றியோ புகார் செய்கிறது. எஃப்.எம்.ஐ. 5 என்றால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் டாஷ்போர்டில் எரிவது எல்லாவற்றுக்கும் அதே விளக்குதான். அதனால்தான் சிலர் வயர் கோளாறுக்கு எஞ்சினைப் பிரிக்கிறார்கள். வேறு சிலர் உண்மையான ஆயில் கோளாறை ‘சென்சார்தான்’ என்று சொல்லி ஓட்டி எஞ்சினைக் கொல்கிறார்கள். இரண்டாவது ரகம் எனக்கு அதிகம் வரும்.

ஒரு சோதனையை விவரமாகச் சொல்கிறேன்; மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். எஸ்.பி.என். 110, எஃப்.எம்.ஐ. 4 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 110 என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரின் வெப்பம். 4 என்பது மின்னழுத்தம் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது. அந்த சென்சாருக்கு இரண்டு வயர். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள், அவ்வளவுதான். சென்சாரில் வயர் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு மறுபடி குறியீட்டைப் படியுங்கள். 4 போய் 3 வந்தால் கம்ப்யூட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, குற்றவாளி சென்சார். கழற்றிய பிறகும் அதே 4 நின்றால் சென்சாரை வாங்காதீர்கள். வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. அல்லது கடைசிச் சந்தேகமாகக் கம்ப்யூட்டர். எதிர்த் திசையில், 3 என்று வந்தால், கப்ளரின் இரண்டு ஓட்டைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்க்க வேண்டும். குறியீடு 4-க்கு மாறினால் வயர் நல்லது. இதற்குத் தேவை ஒரு துண்டு வயரும் கொஞ்சம் பொறுமையும். இரண்டு வயர் உள்ள வெப்ப சென்சாருக்குத்தான் இந்த வயர்த்துண்டு வைத்தியம். மூன்று வயர் வருகிற அழுத்த சென்சாரில் குருட்டாம்போக்கில் இணைத்து வைத்தால் 5 வோல்ட் சப்ளையை எர்த் செய்துவிடுவீர்கள்.

உங்கள் லாரியின் எண்களை நீங்கள் எழுதவில்லை. அவற்றை வாங்கிக்கொள்ளுங்கள், தாளில் எழுதி. கொடுக்க மறுத்தால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

கேள்வி: நான் இருபத்திரண்டு வயது மெக்கானிக். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் இறக்கி ஏற்றத் தெரியும். எலெக்ட்ரானிக் என்றால் கை நடுங்குகிறது. விலை உயர்ந்த ஸ்கேனர் வாங்கினால் கற்றுக்கொண்டுவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் மின்னழுத்தமும் மின்தடையும் அளக்கும் நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கு. அதை வைத்து எர்த்தைப் பார்க்கக் கற்றுக்கொள். ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பெயிண்ட் மேல் போல்ட் போட்ட எர்த், பச்சை பூத்த முனை, ஈரம் புகுந்த கப்ளர், எலி கடித்த வயர் இவைதான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வை. ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. பிறகு பேட்டரியின் இரு முனைகளில் வைத்துப் பார். 12 வோல்ட் வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்பதுக்குக் கீழே விழுந்தால் கம்ப்யூட்டர் மயங்கி எழுந்து சம்பந்தமில்லாத குறியீடுகளைக் கொட்டும். அவற்றைத் துரத்திக்கொண்டு போகாதே.

அடுத்தது, கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் முறுக்கு வயர். எஞ்சின், பிரேக், டாஷ்போர்டு எல்லாம் இரண்டே வயரில் பேசுகின்றன. கேன் என்ற இந்த முறையை போஷ் 1986-இல் வெளியிட்டது. ஒற்றை ஒற்றையாக இழுத்த தடித்த வயர்க்கட்டுகளைக் குறைத்தது இதுதான். அந்த வயரின் இரு கடைசியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கப்ளரில் சி, டி என்று குறித்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே மீட்டரை வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும், ஏனென்றால் இரண்டு 120-கள் இணையாக இருக்கின்றன. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்துவிட்டது, அல்லது ஒரு கடைசி மின்தடை போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டன. டாஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்து எல்லா மீட்டரும் செத்துக் கிடக்கும் வண்டியில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். ஸ்கேனர் அப்போது ‘தொடர்பு இல்லை’ என்று மட்டும் சொல்லும். மல்ட்டிமீட்டர் ஏன் இல்லை என்று சொல்லும்.

வயர்களை ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. குத்திய ஓட்டையில் தண்ணீர் இறங்கி, அடுத்த மழைக்காலத்தில் செம்பு பச்சையாகப் பொடிந்துபோகும். அப்போது அந்த வண்டி உன்னிடம் வராது, என்னிடம் வரும்.

கேள்வி: டீசல் தீர்ந்து ஏர் லாக் ஆனால் பழைய வண்டியில் நாசில் நட்டைத் தளர்த்தி நானே காற்றை எடுத்துவிடுவேன். புது வண்டியிலும் அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். இந்தப் பகுதியில் நான் உரக்கச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இது. பழைய முறை உங்களுக்குத் தெரியும்: பம்பின் மேல் ஸ்குரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை அடித்து, நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கி, பிறகு நாசில் நட்டைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடிப்பது. காமன் ரெயிலில் உயர் அழுத்தக் குழாயின் நட்டை எஞ்சின் ஓடும்போதோ சுற்றும்போதோ தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத கசிவு கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி தெரியும், முதலில் வலி கூட இருக்காது. சில மணி நேரத்தில் சதை அழுக ஆரம்பிக்கும். விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரலாம். அப்படி ஏதாவது நடந்தால் வலிக்கவில்லையே என்று வீட்டுக்குப் போகாமல் நேரே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள். கசிவைத் தேட வேண்டுமானால் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், விரலை நீட்டாதீர்கள். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இஞ்செக்டருக்குப் போகும் வயரிலும் பேட்டரியைவிடப் பல மடங்கு மின்னழுத்தம் உண்டு. எஞ்சின் ஓடும்போது கப்ளரைப் பிடுங்குவதும் கூடாது.

புது வண்டியில் காற்று எடுப்பது தாழ் அழுத்தப் பக்கத்தில் மட்டும். ஃபில்டர் மேல் ஹேண்ட் பிரைமர் இருந்தால் அது கெட்டியாகும் வரை அடியுங்கள். மின்சாரப் பம்ப் இருந்தால் சாவியைப் போட்டுச் சிறிது நேரம் விட்டு அணைத்து மறுபடி போடுங்கள். சில தடவையில் நிரம்பிவிடும். மீதியை எஞ்சினே பார்த்துக்கொள்ளும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மலிவான டீசல் ஃபில்டர். பழைய நாசில் கொஞ்சம் தூசியையும் தண்ணீரையும் விழுங்கி ஏப்பம் விட்டது. காமன் ரெயில் இஞ்செக்டருக்குச் சில மைக்ரான் மண்துகளே எமன். எலெக்ட்ரானிக் வண்டி செலவு வைக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர் ஃபில்டரில் மிச்சம் பிடித்தவர்கள்.

கேள்வி: டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் பின்பக்க லிஃப்டுக்கும் இப்போது பட்டனும் சென்சாரும் வைத்துவிட்டார்கள். நெம்புகோலுக்கு என்ன குறை வந்தது?

பதில்: குறை வரவில்லை. டிராக்டர் வடிவமைப்பாளர் ஹாரி ஃபெர்குசன் 1920-களில் காப்புரிமை எடுத்த அந்த லிஃப்ட் ஏற்பாடு 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்தபோது உழவே மாறிப்போனது. கலப்பை இறுகிய மண்ணில் மாட்டினால், அதை மேலே டிராக்டரோடு இணைக்கும் டாப் லிங்க் டிராக்டரை நோக்கித் தள்ளும். அது ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் ஒரு வால்வை நகர்த்தும். லிஃப்ட் கலப்பையை இம்மி தூக்கும். கலப்பையின் எடை பின்சக்கரத்தின் மேல் இறங்கி அது மண்ணை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும். சென்சார், கம்ப்யூட்டர், மோட்டார் மூன்றின் வேலையையும் ஒரு ஸ்பிரிங் செய்தது. இதைவிட அழகான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் கனமான, நீளமான கலப்பையை மாட்டினால் டாப் லிங்க் தள்ளுவதற்குப் பதில் இழுக்க ஆரம்பிக்கும். ஸ்பிரிங்குக்குச் சரியான செய்தி போகாது. அதற்காகத்தான் கீழ் லிங்குகளில் விசையை அளக்கும் பின்களை வைத்தார்கள். சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட முடிகிறது. பெரிய டிராக்டருக்கு அது தேவைதான். சின்ன டிராக்டரில் பட்டன் வைப்பது விற்பனைக்காக. வாங்கித்தான் தீருவேன் என்றால், மின்சாரம் போனால் கலப்பையை எப்படி இறக்குவது என்று கேளுங்கள். பல வால்வுகளில், வால்வை மின்சாரத்தால் நகர்த்தும் சாலனாய்டின் முனையில் கையால் அழுத்த ஒரு சிறு ஊசி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், பகல் வெளிச்சத்தில்.

கேள்வி: நானே பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன், டிராக்டரையும் நானே ஓட்டுகிறேன். ஒரு இஞ்செக்டரை வாங்கி மாட்டினோம். வண்டி ஓடுகிறது, ஆனால் கரடுமுரடாக. ‘கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்’ என்கிறார்கள். அறுவடை நேரத்தில் அவருக்காகக் காத்திருக்கிறேன். வண்டி என்னுடையது, பூட்டு அவர்களுடையதா?

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று நியாயமானது, மற்றது இல்லை.

இஞ்செக்டர் விஷயம் முதல் ரகம். ஒரே அச்சில் செய்த இரண்டு இஞ்செக்டர்கள் கூட ஒரே அளவு டீசலை விடுவதில்லை. அதனால் ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் அளந்து, அதன் தலையில் ஒரு குறியீட்டைப் பொறித்து அனுப்புகிறார்கள். அந்த எழுத்தையும் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அது அந்த இஞ்செக்டரின் குணத்துக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்கும். ஏற்றாவிட்டால் பழைய இஞ்செக்டரின் கணக்கிலேயே ஓட்டும். நீங்கள் சொல்லும் கரடுமுரடு அதனால்தான். கலிபரேஷன் பெஞ்சில் பம்பை ஏற்றியது போன்ற வேலை இது. தேவையான வேலை.

நியாயமில்லாதது, அந்தக் குறியீட்டை ஏற்றும் மென்பொருளை ஒருவர் கையில் மட்டும் வைத்திருப்பது. ஐந்து நிமிட வேலை. படிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். இதற்காகத்தான் அமெரிக்க விவசாயிகள் பல வருடங்களாகச் சண்டை போடுகிறார்கள். பழுதுபார்ப்பதற்காக டிராக்டரின் மென்பொருள் பூட்டை உடைப்பது குற்றமாகாது என்று அங்குள்ள பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி 2015-இல் விலக்கு அளிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் டிராக்டர் தயாரிக்கும் ஜான் டியர் நிறுவனம், பழுதுபார்க்க வழிவிடுவதாக அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்போடு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அதே வருடம் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இரண்டு மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டு டியர் மீது வழக்குப் போட்டது. ஒப்பந்தம் ஒன்றே போதுமாக இருந்திருந்தால் வழக்கு வரை போயிருக்காது என்பது என் எண்ணம்.

என்னைக் கேட்டால், புகைக் கட்டுப்பாட்டையும் பிரேக்கையும் மாற்றும் அமைப்புகளை அவர்கள் பூட்டிக்கொள்ளட்டும். பழுதுக் குறியீடு, வயரிங் வரைபடம், மாற்றிய பாகத்தை அறிமுகப்படுத்தும் வசதி, இந்த மூன்றும் பணம் கட்டி வண்டி வாங்கியவருக்கு உரியவை. இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: புது இஞ்செக்டரின் தலையில் உள்ள குறியீட்டை மாட்டும் முன்பே படம் எடுத்து, எந்த சிலிண்டர் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். மாட்டிய பிறகு அதைப் படிக்கப் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டி வரும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் வெளிச்சந்தை ஸ்கேனர் வைத்திருக்கும் சுயேச்சை மெக்கானிக் ஒருவரையும் பருவம் தொடங்கும் முன்பே தேடி வையுங்கள்.

கேள்வி: வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து லாரியின் யூரியா டேங்கில் ஊற்றினால் என்ன? இரண்டும் யூரியாதானே?

பதில்: புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க லாரியில் ஊற்றும் அந்தத் திரவம் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தூய தண்ணீர். வயல் யூரியாவில் வேறு பொருள்களும் இருக்கும், குழாய்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். தெளிக்கும் நாசில் அடைத்துக்கொள்ளும், சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் பாழாகும். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு குறையவில்லை என்று சென்சார் காட்டிக்கொடுக்க, வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு செலவு. நல்ல திரவத்தையும் வெயிலில் வைக்காதீர்கள்; சூட்டில் கெட்டுவிடும்.

சிலர் இந்த அமைப்பையே எடுத்துவிட்டு ஓட்ட வழி கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் இல்லை.

கேள்வி: லாரியில் ஏ.பி.எஸ். பிரேக் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் பிரேக்கே பிடிக்காது என்று நண்பர் சொல்கிறார். அதைவிடப் பழைய ஏர் பிரேக் நல்லதல்லவா?

பதில்: நண்பர் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். ஏ.பி.எஸ். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் விளக்கு எரியும், பிரேக் பழைய ஏர் பிரேக்காக வேலை செய்யும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஈரச் சாலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு சக்கரம் பூட்டி லாரி குறுக்கே மடங்குவதை எந்த ஸ்பிரிங்காலும் நெம்புகோலாலும் நொடிக்குப் பல தடவை கவனித்துத் தடுக்க முடியாது. இங்கே நான் முழுக்கக் கம்ப்யூட்டர் கட்சி. அதே லாரியின் பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள்: பெரிய ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கை அழுத்தத் துடித்துக்கொண்டிருக்கிறது, காற்று அதைத் தடுத்து வைத்திருக்கிறது. காற்று போனால் பிரேக் தானே பிடிக்கும். அதில் கம்ப்யூட்டர் புகுந்தால் நான் எதிர்க்கட்சி.

கேள்வி: சூரியப் புயலோ அணுகுண்டோ வந்தால் எல்லாக் கம்ப்யூட்டர் வண்டிகளும் நின்றுவிடும், மெக்கானிக்கல் வண்டிதான் ஓடும் என்கிறார்களே?

பதில்: அன்றைக்கு டீசல் பங்க்கும் மின்சாரத்தில்தான் ஓடும்.

கேள்வி: டிராக்டரின் பின்னால் உள்ள கொக்கியில் விரிசல். வெல்டிங் வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் வெல்டிங் வைத்தால் எரிந்துபோகும் என்பது உண்மையா?

பதில்: உண்மையாகலாம். பழைய வண்டியில் எர்த் கிளாம்பை எங்கே வேண்டுமானாலும் மாட்டினோம். முன் அச்சில் கிளாம்பும் பின் கொக்கியில் வெல்டிங்குமாக இருந்தால் மின்னோட்டம் வண்டி முழுக்க நடந்து போகும். வழியில் பேரிங்கையும் கம்ப்யூட்டரின் எர்த்தையும் தொட்டுவிட்டுப் போகும். வெல்டிங் வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் பெயிண்டைச் சுரண்டி கிளாம்பை மாட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் சாவியை எடுத்து, பேட்டரி கேபிள்களைக் கழற்றுங்கள், நெகட்டிவ் முதலில். எஞ்சின் கம்ப்யூட்டரின் கப்ளர்களையும் ஆல்டர்னேட்டரின் வயர்களையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் இருந்தால் ஈரச் சாக்கால் மூடுங்கள். முடிந்ததும் சூடு தணியும் வரை பொறுத்து, கப்ளர்களின் பின்கள் வளையாமல் நேராகச் செருகி, பேட்டரியில் பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டுங்கள்.